கூரைக்குள்ள இருக்கிறது வௌவாலா, எலியா, வாலிட் குருவியா? எதை வச்சு முடிவு பண்றது?

#1 லயன்வீடு
வணக்கம். மலேசியா, பேராக்ல சுங்கை சிப்புட் பக்கம், பழைய தோட்டத்து வரிசை வீடு. ஜிங்கு (அலை அலையான தகரம்) கூரை, உள்ளே பலகை சீலிங். பின்கட்டு சிமெண்டுத் தரையில தினம் காலையில அரிசி மாதிரி கறுப்பு எச்சம், ஒரே இடத்துல குவிஞ்சு கிடக்குது. பொழுது சாயுறப்ப மேலே கிறீச் கிறீச்னு சத்தம். கார் போர்ச்ல வேற மாதிரி: சுவத்துல மஞ்சள் பழுப்புக் கறை, கீழே பழச் சக்கை. ஒருத்தர் எலிங்கிறார், ஒருத்தர் வாலிட் குருவிங்கிறார், கூட்டை எடுத்து விக்கிறாங்களே அந்த உழவாரன் குருவி. ஓட்டை அடைக்க ஆள் நாளைக்கு வருது. எதைப் பார்த்து முடிவு பண்றது?

#2 கூரைமேஸ்திரி
முதல்ல அந்த ஆளை நாளைக்கு வர வேணாம்னு சொல்லுங்க. உள்ளே வௌவால் இருந்து பகல்ல அடைச்சா எல்லாம் மாட்டிக்கும். சீலிங் மேல செத்து நாறும், இல்லன்னா லைட் வயர் ஓட்டை வழியா படுக்கையறைக்குள்ள இறங்கும். நாத்தம் ரெண்டு வாரத்துக்குப் போகாது.

எச்சத்தைச் சோதிச்சுப் பாருங்க. கையுறை போட்டு, ஐஸ்கிரீம் குச்சியால நாலஞ்சு எடுத்து ஒரு வெள்ளை மூடியில வைங்க. காய்ஞ்சதா இருக்கணும். குச்சியாலயே அமுக்குங்க. பூச்சி தின்னும் வௌவால் எச்சம்னா பொடிப் பொடியா உதிரும், உள்ளே வண்டு ஓடு, இறக்கைத் துணுக்கு எல்லாம் வெயில்ல மினுமினுங்கும். எலிப் புழுக்கை காய்ஞ்சா கல்லு மாதிரி, அமுக்கினா உடையும், உதிராது. சந்தேகமா இருந்தா மூடியில ரெண்டு ஸ்பூன் தண்ணி, ஒரு சொட்டு பாத்திரம் கழுவுற சோப்பு. பத்து நிமிஷத்துல வௌவால் எச்சம் கரைஞ்சு பூச்சித் துணுக்கா மிதக்கும். எலியோடது களி மாதிரி ஆகும்.

வெறுங்கையால நசுக்கிப் பார்க்காதீங்க. மூக்குக்கிட்ட கொண்டு போகவே வேணாம்.

#3 செம்பனைக்காடு
அளவையும் பாருங்க. வீட்டு வௌவால் எச்சம் 4லிருந்து 8 மில்லிமீட்டர் வரும். கூரை எலிப் புழுக்கை 12 வரைக்கும் போகும், ரெண்டு முனையும் கூரா இருக்கும். பல்லி எச்சத்தைத்தான் ரொம்பப் பேர் வௌவால்னு நினைச்சுக்குறாங்க. அதுவும் பூச்சிதான் தின்னுது, அதனால அமுக்கினா அதுவும் உதிரும். ஆனா பல்லியோடதுல ஒரு முனையில வெள்ளைப் பொட்டு ஒட்டிக்கிட்டு இருக்கும். வௌவாலுக்கு அது கிடையவே கிடையாது.

கிடக்குற இடமும் பேசும். எலி நடந்துக்கிட்டே போடும். சுவர் ஓரமா, அலமாரிக்குப் பின்னால சிதறிக் கிடக்கும். வௌவால் புழங்குற வாசலுக்கு நேர் கீழே குவியும், கொஞ்சம் சுவத்துலயும் ஒட்டும். எலி இருந்தா கடிச்ச தடம் இருக்கணும்: வயர் உறை, பலகை ஓரம், சோப்பு. வௌவால் எதையும் கொறிக்காது. வைக்கோல், பிளாஸ்டிக் கிழிசல் ஜிங்கு அலையில தொங்கினா அது மைனா இல்லன்னா சிட்டு. வௌவால் கூடு கட்டாது.

தோட்டத்துப் பக்கம்னா இன்னொண்ணும் இருக்கு, ஆந்தை. எலிக்காக செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள்ள பெட்டி வச்சு வளர்க்கிறோமே, அந்தக் கூகை ஆந்தை. சில ஜோடி பெட்டியை விட்டுட்டு வீட்டுக் கூரைக்கு வந்துடும். அது இருந்தா கீழே கட்டைவிரல் அளவு கறுத்த உருண்டை கிடக்கும், பிரிச்சா எலி முடியும் எலும்பும். ராத்திரி முழுக்க புஸ்ஸு புஸ்ஸுனு குஞ்சுச் சத்தம். ஜனங்க பேய்னு பயந்துக்குறது பாதி இதுக்குத்தான்.

#4 கணக்குப்பிள்ளை
வாலிட் விஷயத்தை ஒரே சாயங்காலத்துல தீர்த்துடலாம். இருட்டுற நேரத்துல வாலிட் உள்ளே வரும், வௌவால் வெளியே போகும். விடியக்காலையில நேர்மாறு. வாலிட் இருட்டுல டிக் டிக்னு தட்டுற மாதிரி சத்தம் போடும், அது காதுக்குக் கேட்கும். வௌவால் பறக்கும்போது வழி பார்க்க விடுற ஒலி நம்ம காதுக்கு எட்டாது. நீங்க கேட்கிற கிறீச் அதுங்க உள்ளே ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கிட்டு போடுற சத்தம். எச்சமும் வேற: பறவையோடது வெள்ளை பூசின மாதிரி சுவத்துல வழிஞ்சு காயும்.

கடைத்தெரு அஞ்சடியில (கடை முன்னால இருக்கிற நடைபாதை) ஷாப்லாட் மேல ஒட்டவச்ச கூடு தெரியுதே, அது வேற குருவி. அதுக்கும் வாலிட்டுக்கும் வௌவாலுக்கும் சம்பந்தம் இல்ல.

#5 லயன்வீடு
ஆளைத் தள்ளிப் போட்டாச்சு. எச்சம் உதிருது, மினுக்கு இருக்கு, வெள்ளைப் பொட்டு இல்ல. 6 மில்லி. கொறிச்ச தடம் எதுவும் இல்ல. அப்போ வௌவால்தானா?

#6 கூரைமேஸ்திரி
பெரும்பாலும். ஆனா எச்சம் மட்டும் போதாது. பழைய கூட்டம் விட்டுட்டுப் போன எச்சம் வருஷக்கணக்கா சீலிங் மேல கிடந்து காத்துக்குக் கொட்டும். தரையைச் சுத்தமா கழுவி, எச்சம் விழுற இடத்துல ஒரு பழைய நாளிதழை விரிச்சு நாலு மூலைக்கும் கல் வைங்க. காலையில எண்ணுங்க. மூணு நாள் பண்ணுங்க. தினம் புதுசா, ஈரப் பளபளப்போட விழுந்தா இப்ப ஆள் இருக்கு. நாளிதழுக்கு வெளியே எதுவும் விழலைன்னா வாசல் நேர் மேலதான்.

அப்புறம் வாசலைத் தேடுங்க. பகல் வெளிச்சத்துல கீழே நின்னு பாருங்க, ஏணி இப்ப வேணாம். தேட வேண்டிய இடம்:

ஜிங்கு அலையும் ஓரப் பலகையும் சேர்ற இடம். ஒவ்வொரு அலைக்குக் கீழேயும் ஒரு பிறை வடிவ சந்து இருக்கும், அதுதான் முதல் சந்தேகம்.

முகட்டுத் தகடு, நம்ம ஆளுங்க பெராபுங்னு சொல்றது. ஆணி கழண்டு தூக்கியிருந்தா உள்ளே நீளமா இருட்டு.

முக்கோணச் சுவர் பலகை விரிசல், சீலிங் காத்து ஓட்டையில கிழிஞ்ச வலை.

ஒரு விரல் நுழையுற சந்து போதும். 12 மில்லின்னா தாராளம், சின்னச் சாதிக்கு அதுலயும் பாதி போதும். வருஷக்கணக்கா புழங்குற வாசல்னா விளிம்புல கைபட்ட மாதிரி பழுப்பு எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், உடம்பு உரசி உரசி வர்றது. கீழே சுவத்துல மெல்லிசா மூத்திரக் கோடு, காய்ஞ்சா வெள்ளைப் பூத்த மாதிரி. மாறா ஒட்டடை முழுசா கட்டியிருக்கிற சந்தை விட்டுடுங்க, அங்க எதுவும் போய் வரல.

#7 கணக்குப்பிள்ளை
எண்ணுறதுக்கு நேரம்: நம்ம பேராக் பக்கம் சூரியன் மறையறது நவம்பர்ல 7 மணிக்குக் கொஞ்சம் முன்னால, பிப்ரவரியிலயும் ஜூலையிலயும் 7.30 வாக்குல. கணக்கு வேணாம்னா மஃரிப் பாங்கு கேட்டதும் நாற்காலியைப் போட்டு உட்காருங்க. பாங்குக்கு முன்னாலயே உள்ளே சத்தம் கூடும். அப்புறம் 15லிருந்து 30 நிமிஷத்துக்குள்ள ஒண்ணொண்ணா விழுற மாதிரி வெளியே வரும், வந்ததும் திரும்பிப் பறக்கும். சுவத்தைப் பார்க்காதீங்க, வானம் பின்னால இருக்கிற மாதிரி உட்காருங்க, நிழலா தெரியும். வீட்டுக்கு முன்னால ஒருத்தர், பின்னால ஒருத்தர். கண்ணு கூசுற டார்ச் அடிச்சா வெளியே வராம நின்னுடும். டார்ச் வேணும்னா சிவப்பு ஜிகினாத் தாள் கட்டுங்க.

மழை பெய்ஞ்ச சாயங்காலத்துக் கணக்கை நம்பாதீங்க. ரெண்டு காய்ஞ்ச நாள் எடுங்க.

சாயங்காலம் தவறிட்டா, விடியக்காலை 6லிருந்து 6.45 இன்னும் நல்லது. திரும்பி வர்ற வௌவால் நேரா நுழையாது. வாசலை நாலஞ்சு தடவை சுத்திட்டுத்தான் நுழையும். எந்த சந்துன்னு விரல் வச்சுக் காட்டின மாதிரி தெரியும்.

#8 செம்பனைக்காடு
போர்ச் விஷயத்தை யாரும் தொடலையே. அது வேற ஆளு.

பின்கட்டுல இருக்கிறது பூச்சி தின்னும் சின்ன வௌவால். போர்ச்ல வர்றது பழந்தின்னியில சின்னது, நாய் மூஞ்சி மாதிரி இருக்கும், பெரிய கண்ணு, காது விளிம்பு வெளுத்துத் தெரியும். அது சந்துக்குள்ள நுழையாது. போர்ச் உத்தரம், ஃபேன் கொக்கி, வயர் குழாய்னு கால் பிடிக்கிற இடத்துல தொங்கும். பக்கத்துல செரி மரம், ஜம்பு, கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை), வாழை எதாவது இருக்கும் பாருங்க. பழத்தை மரத்துல தின்னாது. பறிச்சு ஒதுக்குப்புறமா கொண்டு வந்து தொங்கிக்கிட்டு மெல்லும், சாறை உறிஞ்சிட்டு சக்கையை அமுக்கின உருண்டையா துப்பும். அதுதான் நீங்க சொல்ற சக்கை. எச்சம் தண்ணியா, விதையோட சுவத்துல தெறிக்கும். கார் பெயிண்ட்ல விழுந்தா அன்னைக்கே கழுவுங்க, வெயில்ல காய்ஞ்சா கறை இறங்கிடும்.

முக்கியமா, ராத்திரி சாப்பிட மட்டும் வந்து போற இடமா, பகல்லயும் தூங்குற இடமான்னு பாருங்க. காலை 10 மணிக்கு உத்தரத்துல ஒண்ணும் இல்லன்னா அது வெறும் சாப்பாட்டு மேடை. போர்ச்சுக்கு ராத்திரி ஒரு லைட் விட்டு, கால் பிடிக்கிற இடத்துல வழவழப்பான பிளாஸ்டிக் தகடு ஒட்டினா பெரும்பாலும் இடம் மாத்திக்கும். சந்து அடைக்கிற வேலையே இல்ல.

#9 பழையகாலம்
சாம்பிராணி போட்டு சீலிங்குக்குள்ள புகை விடுங்க, ரசகற்பூரம் (பூச்சி உருண்டை) நாலு பாக்கெட் தூக்கிப் போடுங்க. ஓடிடும். இதுக்கு எதுக்கு இவ்வளவு ஆராய்ச்சி?

#10 கூரைமேஸ்திரி
அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல புகை விட்டா தூக்கத்துல இருக்கிறது வழி தெரியாம கீழே, வீட்டுக்குள்ளதான் வரும். பலகை சீலிங் மேல நெருப்பு கொண்டு போறதே ஆபத்து. ரசகற்பூரம் வீட்டு ஜனங்க மூச்சுல போகும், குழந்தைக்கு ஆகாது. கூரைக்குள்ள காத்தோட்டம் இருக்கிறதால நாலு நாள்ல ஆவியாகி, வௌவால் திரும்ப வந்துடும். ஆன்லைன்ல விக்கிற ஒலிப் பெட்டியும் அப்படித்தான், காசு தண்டம். ஒட்டுப் பொறி வைக்கவே வைக்காதீங்க. உயிரோட கத்துற வௌவாலைப் பிரிச்சு எடுக்கப் போய்த்தான் கடி வாங்குவாங்க.

#11 பழையகாலம்
சரிப்பா. ஆனா நிப்பா மூளைக்காய்ச்சல் வந்ததே வௌவாலாலதானே? அடிச்சுத் துரத்துறது நல்லதுன்னுதான் சொன்னேன்.

#12 டிரெசர்
நிப்பாவைக் கொஞ்சம் சரியா பிரிச்சுப் பார்ப்போம். 1998 செப்டம்பர்ல நம்ம கிந்தாப் பக்கம்தான் ஆரம்பிச்சுது, அப்புறம் நெகிரி செம்பிலான். சுங்கை நிப்பாங்கிற கிராமத்துப் பேர்தான் அந்தக் கிருமிக்கு வந்தது. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தாங்க. மூலம் கெலுவாங், அதாவது பெரிய பழந்தின்னி. அதுலேருந்து பண்ணைப் பன்னிக்கு, பன்னியிலேருந்து மனுஷனுக்கு. கெலுவாங் வீட்டுக் கூரையில தங்காது, உயர மரத்துல கூட்டமா தொங்கும். சின்ன வௌவால் சிலதோட ரத்தத்துலயும் அந்தக் கிருமிக்கு எதிர்ப்புப் பொருள் பார்த்திருக்காங்க, அதனால அலட்சியமும் வேணாம். வௌவால் கடிச்ச பழத்தைத் திங்காதீங்க, கோழி ஆட்டுக்கும் போடாதீங்க. போர்ச் சக்கையைக் கையுறை போட்டுக் கூட்டுங்க.

வீட்டுக்குள்ள நிஜமான ஆபத்து ரெண்டு. ஒண்ணு, காய்ஞ்ச எச்சத் தூசு. அதுல வளர்ற ஒரு பூஞ்சை நுரையீரலுக்குள்ள போனா காய்ச்சல், வறட்டு இருமல், நெஞ்சுவலி வரும். டாக்டர்கிட்ட எச்சம் சுத்தம் பண்ணினதைச் சொல்லலைன்னா சாதாரண சளின்னு மருந்து கொடுப்பாங்க. ரெண்டு, கடி. வௌவால் பல்லு ஊசி மாதிரி, தடம் தெரியாம கூட இருக்கலாம். கடியோ கீறலோ பட்டா ஓடுற தண்ணியில சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே மருத்துவமனைக்குப் போங்க, வெறிநோய் ஊசி தேவையான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க. தரையில விழுந்து கிடக்குற வௌவாலைக் கையால தொடாதீங்க. டப்பாவால மூடி, கீழே அட்டையைச் செருகி வெளியே வைங்க.

#13 கணக்குப்பிள்ளை
துரத்துறதைப் பத்தி: கெலுவாங்கை உரிமம் இல்லாம வேட்டையாடினா 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல மாட்டுவீங்க. எந்தச் சாதின்னு புரியலைன்னா போட்டோ எடுத்து பெர்ஹிலித்தான்ல (வனவிலங்குத் துறை) கேட்கிறது நல்லது.

இன்னொண்ணு, ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு திங்கும்னு வாட்ஸ்அப்ல சுத்துறதை இங்க யாரும் போடாதீங்க. அது கூண்டுக்குள்ள வச்சு எண்ணினதை இழுத்து நீட்டின கணக்கு. நம்ம மஞ்சள் வீட்டு வௌவால் தின்னுறதுல வண்டு நிறைய. நல்ல விருந்தாளிதான், ஆனா ஏடிஸ் கொசுவுக்கு அதை நம்பி தண்ணித் தொட்டியை மூடாம விடாதீங்க.

#14 லயன்வீடு
ரெண்டு நாள் எண்ணியாச்சு, மழை இல்ல. முதல் நாள் 34, ரெண்டாம் நாள் 37. பின்பக்கம் வலது ஓரத்துலேருந்து மூணாவது ஜிங்கு அலை, விளிம்புல பிசுக்கு தெளிவா தெரியுது. பெராபுங் பக்கத்துலேருந்து 5. முன்பக்கம் எதுவும் இல்ல. போர்ச்ல பகல்ல ஒண்ணும் இல்ல, ராத்திரி மட்டும்தான் சக்கை. இப்போ அடைக்கலாமா?

#15 கூரைமேஸ்திரி
இன்னும் ஒரு சோதனை பாக்கி: குட்டி. பொழுது சாய்ஞ்சு பெருசு எல்லாம் வெளியே போனதும் சீலிங்குக்குக் கீழே காதை வைங்க. அப்பவும் மெல்லிசா கீச் கீச்னு விடாம கேட்டா உள்ளே பறக்காத குட்டி இருக்கு. தரையில முடி இல்லாத இளஞ்சிவப்புக் குட்டி விழுந்திருந்தாலும் அதே அர்த்தம். அப்படின்னா ஆறு வாரம் கையைக் கட்டிக்கிட்டு இருங்க. தாயை வெளியே தள்ளி அடைச்சா குட்டி உள்ளே சாகும், தாயும் வேற சந்து தேடி வீட்டைச் சுத்தும்.

சத்தம் இல்லன்னா ஒருவழி வாசல் வைக்கலாம். வரிசை இதுதான், மாத்தாதீங்க:

முதல்ல புழங்காத சந்து எல்லாத்தையும் அடைக்கணும், அந்த மூணாவது அலையையும் பெராபுங் ஓட்டையையும் தவிர. அலைக்கு கால் இஞ்ச் கம்பி வலையை வெட்டி, அலை வடிவத்துக்கு மடிச்சுத் திணிச்சு, மேல சிமெண்டுப் பூச்சு. இரும்புப் பஞ்சு வேணாம், நம்ம மழைக்கு ஆறு மாசத்துல துருவேறி கீழே ஒழுகும். நுரை ஸ்பிரே காயறதுக்கு முன்னால வௌவால் முடியில ஒட்டும், காய்ஞ்சப்புறம் எலி கொறிச்சுடும்.

அப்புறம் விட்டு வச்ச வாசலுக்கு மேல நெருங்கின கறுப்பு வலை, கண் 6 மில்லிக்கு மேல போகக்கூடாது. மேலயும் ரெண்டு பக்கமும் பலகையோட அடிச்சு, கீழே ஒண்ணரை அடியிலேருந்து ரெண்டு அடி வரைக்கும் திறந்து தொங்க விடுங்க. வௌவால் உள்ளேயிருந்து வந்து சுவத்தோட கீழே ஊர்ந்து வெளியே போகும். திரும்பி வரும்போது வாசனை வர்ற மேல்பக்கத்துலயே மோதும், கீழ்வழி தெரியாது. ரொம்ப இறுக்கினா வெளியே வர முடியாது, ரொம்பத் தொளதொளன்னு விட்டா காத்துல தூக்கி வழி கொடுத்துடும். பெராபுங் பக்கம் வலை நிக்காது, அங்க 2 இஞ்ச் பிவிசி குழாய் ஒரு முழம் துண்டு, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்ச்சு, வெளி முனையில பிளாஸ்டிக் பையை சட்டைக் கை மாதிரி கட்டித் தொங்க விடுங்க. குழாய் உள்பக்கம் வழுக்கும், ஏறி வராது.

ஏழு ராத்திரி விடுங்க. மழை ராத்திரியைக் கணக்குல சேர்க்காதீங்க. கடைசி ரெண்டு சாயங்காலமும் ஒண்ணு கூட வெளியே வரலைன்னா, சத்தமும் இல்லன்னா, எடுத்துட்டு அடைங்க.

#16 செம்பனைக்காடு
பழைய தோட்டத்து வீடு சிலதுல சீலிங்கே ஆஸ்பெஸ்டாஸ் அட்டை. பலகைன்னு சொல்றீங்க, சரி. ஆனா பின்கட்டு, சமையலறை சீலிங் பின்னால போட்டதா இருக்கலாம். சாம்பல் நிறத்துல நெளிவில்லாத அட்டைன்னா துளை போடாதீங்க, உடைக்காதீங்க. பலகையா இருந்தாலும் மேல ஏறினா உத்தரத்து மேல மட்டும் கால் வைங்க, மெயின் ஸ்விட்சை அணைச்சுட்டு ஏறுங்க.

#17 டிரெசர்
சுத்தம் பண்றது அடைச்சப்புறம்தான். என்95 முகக்கவசம், கண்ணாடி, நீளக்கை, ரப்பர் கையுறை. துடைப்பத்தால வறட்டுக் கூட்டு கூட்டவே கூடாது, வேக்குவமும் வேணாம். தெளிப்பான்ல தண்ணியும் சோப்பும் கலந்து மெல்லிசா தெளிச்சு, அரை மணி ஊற விட்டு, தகட்டால வழிச்சு ரெட்டைப் பையில கட்டுங்க.

#18 கூரைமேஸ்திரி
குளோரெக்ஸ் (குளோரின் பிளீச்) ஒண்ணுக்கு ஒன்பது தண்ணி கலந்து தெளிச்சா கிருமியும் சாகுமே?

#19 டிரெசர்
முதல்லயே தெளிக்கிறதுதான் தப்பு. குவியல்ல மூத்திர உப்பு, அமோனியா இருக்கு. அதுமேல குளோரின் பட்டா கண்ணு, மூச்சை எரிக்கிற வாயு கிளம்பும், அதுவும் சீலிங் மாதிரி அடைச்ச இடத்துல. சோப்புத் தண்ணியில வழிச்சு, கழுவி, நல்லா காய்ஞ்சப்புறம் பலகையைத் துடைக்க மட்டும் உங்க கலவை சரி. ஜன்னல் எல்லாம் திறந்திருக்கணும்.

#20 கூரைமேஸ்திரி
ஒத்துக்கிறேன். இவ்வளவு நாளும் முதல்லயே தெளிக்கச் சொல்லித்தான் சொல்லிட்டிருக்கேன், மாத்திக்கிறேன்.

லயன்வீடு தம்பி, கேட்க விட்டுப்போன ஒண்ணு: உங்க வரிசையில வீட்டுக்கு வீடு நடுச்சுவர் ஜிங்கு வரைக்கும் போகுதா, சீலிங்கோட நிக்குதா?

#21 லயன்வீடு
சீலிங்கோட நிக்குது. மேல கோடி வரைக்கும் ஒரே கூரை, ஆறு வீடு. டார்ச் அடிச்சா அந்தப் பக்கம் வரைக்கும் தெரியுது.

#22 கூரைமேஸ்திரி
அப்போ 37ங்கிறது உங்க வீட்டுக் கணக்கு இல்ல, உங்க வாசல் கணக்கு. உங்க பக்கம் மட்டும் வலை கட்டினா அதுங்க உள்ளுக்குள்ளயே நகர்ந்து மூணாவது வீட்டுச் சந்து வழியா போகும், அவங்க உங்ககிட்ட சண்டைக்கு வருவாங்க. ஆறு வீட்டுக்கும் ஒரே சாயங்காலம் ஆள் நிறுத்தி எண்ணுங்க, முன்னாலயும் பின்னாலயும். ஆளுக்கு ஒரு தாள், எந்த அலை, எத்தனைன்னு எழுதச் சொல்லுங்க. வலையும் ஒரே நாள்ல கட்டணும்.

#23 லயன்வீடு
சரிங்கண்ணே. நாலு வீடு சம்மதம். கோடி வீடு பூட்டிக் கிடக்குது, சாவி யார்கிட்டன்னு கேட்டுக்கிட்டிருக்கோம். வெள்ளிக்கிழமை மழை இல்லன்னா எண்ணுறோம், கணக்கை இங்கயே போடுறேன்.

#24 கணக்குப்பிள்ளை
பூட்டின வீட்டுக்குச் சாவி கிடைக்கலைன்னா வெளியே நின்னு எண்ணினாலே போதும். அங்க அதிகமா வந்தா ஆச்சரியப்படாதீங்க.